மிளகு மூட்டையும் கணக்குப் புத்தகமும்

கொல்லிமலையில் 14 நாடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பெரக்கரை நாடு.

'நாடு' என்றதும் கோட்டை, கொத்தளம் என்று எண்ணிவிட வேண்டாம். வல்வில் ஓரி ஆண்ட காலம் போய்விட்டது. இப்போது அது ஓர் ஊராட்சியின் பெயர்!

இந்த மலையில் பிளஸ் டூ தேறிய பையனும் பெண்ணும் அடுத்து என்ன படிப்பது? கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி படிக்கலாம். ஒரு வருடப் படிப்பு. தமிழிலேயே பாடம். கணக்கு எழுதுவது, வங்கி நடைமுறை, கூட்டுறவுச் சட்டம், கம்ப்யூட்டர், நகை மதிப்பீடு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். நாமக்கல்லிலேயே இதற்கு நிலையம் இருக்கிறது.

"படித்தால் உடனே வேலை கிடைக்குமா?"

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். ஆனால் கூட்டுறவு நிறுவனங்களில் உதவியாளர் வேலைக்கு இந்தப் பயிற்சியோடு கல்லூரிப் பட்டமும் கேட்கிறார்கள். ஆகவே, இந்தச் சான்றிதழை மட்டும் நம்பி வேலைக்குக் காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மிளகுக் கணக்கு

அப்படியானால் படிப்பது வீணா? இல்லவே இல்லை!

மிளகையே பாருங்கள். பச்சை மிளகு 3 கிலோ காய்ந்தால் ஏறக்குறைய 1 கிலோதான் தேறும். காய்ந்த மிளகு கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி வருகிறார். "பச்சையாகவே கொடு. கிலோவுக்கு 150 தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

3 கிலோவுக்கு 450 ரூபாய். காய வைத்து விற்றால் 600. வித்தியாசம் 150. பறித்ததை உதிர்த்துக் காய வைக்கும் கூலி, மூட்டையைக் கீழே இறக்கும் வண்டிச் சத்தம், நடுவில் மழை வந்துவிடுமோ என்ற பயம், இவை 150-க்குள் அடங்குமா? அடங்கினால் காய வைக்க வேண்டும். அடங்காவிட்டால் பச்சையாகவே தள்ளிவிடலாம். வியாபாரி இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் மலை ஏறுகிறார். விளைவித்தவர் மட்டும் ஏன் போடக் கூடாது?

பையனைப் படிக்க வைத்து, பெண்ணை வீட்டோடு நிறுத்துகிற குடும்பங்களும் உண்டு. மிளகை உதிர்ப்பதும் உலர்த்துவதும் பெண்கள்தானே? கணக்கு மட்டும் ஆண்களுக்கா?

28 பேர் கடை

1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், நெசவாளர்களும் மற்றவர்களுமாக 28 பேர் கூடி ஒரு கடை வைத்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி. சரக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் எடை சரியாக இருந்தது. கணக்கும் சரியாக இருந்தது. உலகம் முழுவதும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அதுவே வழிகாட்டி ஆயிற்று. 1904-ல் நம் திருவள்ளூர் அருகே திரூரிலும் ஒரு கடன் சங்கம் பிறந்தது.

கொல்லிமலையிலும் மலைவாழ் மக்களுக்காக 'லேம்ப்' கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அதன் வரவு செலவைப் படித்துப் பார்த்து, பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க நாட்டுக்கு நாலு பேராவது வேண்டாமா?

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நாமக்கல் போவதென்றால் காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். தினமும் போய் வர முடியாது. தங்கிப் படிக்கப் பணம் வேண்டும். ஆகவே, சனி, ஞாயிறுகளில் செம்மேட்டிலேயே வகுப்பு வைக்கலாம். அதற்கு ஓர் அறை, ஒரு கரும்பலகை, ஒரு தராசு இருந்தால் போதும்.