எண்ணெய்க் கையோடு பிள்ளையைப் பிடிக்காதீர்கள்!

ஆடி பிறந்துவிட்டால் போதும், என் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் மூட்டுவலியைச் சொல்லி முடித்த கையோடு சுற்றுலா யோசனையும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். போன ஆடியில் ஒரு வங்கி ஊழியர் வந்தார். "ஐயா, பசங்க டி.வி.யில எதையோ பார்த்துட்டு, பலகையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அலை மேல சறுக்கணும்னு ஒரே அடம். குடும்பத்தோட ஒருநாள் போயிட்டு வர நல்ல கடற்கரையாச் சொல்லுங்களேன்" என்றார்.

தருமபுரிக்காரர் கேட்கிற கேள்வியா இது! நமக்குச் சாலை வழியில் கடல் 200 கிலோமீட்டருக்கு அப்பால். ராத்திரி முழுக்க வண்டியில் தூங்காமல் போய், முன்பின் தெரியாத கடலில் குழந்தைகளை இறக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடலில் ஒரு சூது உண்டு. அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடைவெளியில்தான் பெரும்பாலும் உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் 'இங்கேதான் அலை இல்லை' என்று குழந்தையை அங்கேயே கூட்டிப்போவார்கள்.

"பேசாமல் ஒகேனக்கல் போங்க" என்றேன். சொன்ன பிறகுதான், அதற்கும் நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ஒகேனக்கல்லில் பயப்பட வேண்டியது இரைச்சலோடு விழும் அருவியைப் பார்த்து அல்ல, சத்தமில்லாமல் ஓடும் ஆற்றைப் பார்த்துத்தான். தடுப்புக் கம்பி போட்டு, காவலுக்கு ஆள் நிற்கும் இடத்தில் கூட்டம் இடிக்கும், தள்ளுமுள்ளு இருக்கும். அதனால் "அந்தக் கூட்டத்துல எவன் நிப்பான்?" என்று ஆள் இல்லாத பாறை ஓரமாகத் துண்டை விரிக்கிறார்கள். அங்கே முழங்கால் அளவு தண்ணீர், அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளமாக இருக்கும். ஓடும் தண்ணீர் பாறையைக் குடைந்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. நீச்சல் தெரியும் என்பதும் இங்கே பெரிய தைரியம் இல்லை. கிணற்றில் கற்ற நீச்சல் வேறு, காவிரி வேறு.

இன்னொரு சங்கதி. நம்ம ஊரில் வானம் வெளுத்திருந்தால் ஆறும் அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறோம். தண்ணீர் நம் மழையால் வருவதில்லை. குடகிலும் வயநாட்டிலும் கொட்டுகிற மழை கிருஷ்ணராஜசாகரையும் கபினியையும் நிரப்பி, அங்கே மதகைத் திறந்தால் இங்கே வருகிறது. பிலிகுண்டுலுவில் அளக்கிறார்களே, அந்த நீர்வரத்துக் கணக்குதான் உங்கள் பயணத்தை முடிவு செய்ய வேண்டும். 2018, 2019, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. ஒரு லட்சம் கன அடி என்றால் விநாடிக்கு 28 லட்சம் லிட்டர்! ஆடிப் பதினெட்டுக்கு நாம் குடும்பத்தோடு கிளம்புகிற நேரமும், அணைகள் நிரம்புகிற நேரமும் ஒன்று. அருவி என்றாலும் இதே கதைதான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவனை அடித்துக்கொண்டு போனதே, மறந்திருக்க மாட்டீர்கள்.

இனி என் துறைக்கு வருகிறேன். ஒகேனக்கல் என்றாலே எண்ணெய் மசாஜ். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து, பிடித்துவிட்டு, நேராக அருவியில் போய் நிற்பது. "சித்த வைத்தியத்தில் சொன்னதுதானே டாக்டர்?" என்று கேட்கிறார்கள். இல்லை! பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த பாடம் வேறு. எண்ணெய் முழுக்குக்குத் தேரையர் சொல்லியிருப்பது வெந்நீர். மசாஜ் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் பிழைப்பு. திடமான ஆள் தேய்த்துக்கொள்ளட்டும். ஆனால் குழந்தைக்குப் பொறுப்பாக இருப்பவர் அன்றைக்கு எண்ணெயைத் தொடக் கூடாது.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. நான் நன்றாக எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி ஈரப் பாறையில் நடந்தேன். கால் வழுக்கியது. என் பிடி இறுகிய அதே கணத்தில் அவள் கை என் விரல்களுக்கு நடுவே நழுவிப் போய்விட்டது. பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த அம்மாள் ஒருவர் சடையைப் பிடித்து இழுத்தார். அவர் ஊர் பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை. வைத்தியர் நான், எனக்கே அன்றுவரை இது உறைக்கவில்லை.

பரிசலில் ஏறுவதானால் லைஃப் ஜாக்கெட்டைக் குழந்தையின் அளவுக்குக் கேட்டு வாங்கி, பட்டைகளை நீங்களே இழுத்து மாட்டுங்கள். 2015 ஏப்ரலில் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் ஆறு பேர் போனார்கள். போட்டோவுக்காக எழுந்து நிற்பது வேண்டவே வேண்டாம். மீன் குழம்புச் சாப்பாடு குளித்த பிறகு. வலிப்பு நோய் உள்ளவரை, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவராக இருந்தாலும், தனியாகத் தண்ணீரில் விடாதீர்கள்.

தண்ணீரில் மூழ்கியவரைத் தூக்கியதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் இன்றும் நடக்கிறது. அது வீண் வேலை, கெடுதலும்கூட. வயிற்றில் இருப்பது வாந்தியாக வந்து மூச்சுக்குழாயில் போகும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதி, நெஞ்சை அழுத்தி, 108-ஐக் கூப்பிட வேண்டும். இதில் சித்தம், அலோபதி என்ற பேதமெல்லாம் கிடையாது. பிழைத்து எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

அந்த வங்கி ஊழியர் அடுத்த வாரம் வந்தார். போன அன்றைக்கு நீர்வரத்து கூடி, குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுவிட்டார்களாம். வறுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டு, தொங்கு பாலத்துப் பக்கமாகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். "பசங்க பென்னாகரம் வர்ற வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே வந்தானுங்க ஐயா" என்றார்.