எங்கள் புளோக் யார் பக்கம்?

தஞ்சாவூரில் இருக்கும் என் சித்தப்பாவுக்குத் தேர்தல் என்றால் தீபாவளி மாதிரி. எந்த ஊர்த் தேர்தலாக இருந்தாலும் சரி. 2025 மே 3ஆம் தேதி இரவு, இங்கே வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் அழைத்துவிட்டார். நான் வானொலி நிலையத்தில் இருந்தேன். அடுத்த செய்தி அறிக்கைக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது.

“உங்க தெருவுல யாருக்கு எவ்வளவு?”

“தெருவுக்கெல்லாம் கணக்கு வராது சித்தப்பா. குழுத்தொகுதிக்கு மட்டும்தான் சொல்வாங்க.”

“அப்ப யாரு எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது” என்றேன். அவர் நம்பவே இல்லை.

நம்பாததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் தேர்தல் முடிந்ததும் ‘படிவம் 20’ வெளியாகும். எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்று அதில் இருக்கும். சித்தப்பா அதை வைத்துக்கொண்டு தெரு தெருவாக ஆய்வு செய்வார். அமெரிக்காவிலும் அப்படித்தான். சின்ன ஊரைக்கூடப் பேட்டை பேட்டையாகப் பிரித்துச் சிவப்பு, நீல வண்ணம் பூசி வரைபடம் போட்டுவிடுகிறார்கள்.

கிளமெண்டிக்கு அப்படி ஒரு வரைபடம் போட முடியுமா? எங்கள் புளோக்கின் கதையை மட்டும் கேளுங்கள். 2011ல் நாங்கள் வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதி. மக்கள் செயல் கட்சிக்கு 66.6 விழுக்காடு. 2015ல் எல்லையை மாற்றினார்கள், ஜூரோங் குழுத்தொகுதிக்குப் போனோம். 79.3 விழுக்காடு. 2020ல் 74.6. 2025ல் மறுபடியும் எல்லை மாற்றம். இப்போது ஜூரோங் ஈஸ்ட் - புக்கிட் பாத்தோக். 76 விழுக்காட்டுக்கும் மேல். நாங்கள் வீடு மாறவில்லை, வீட்டு வாசல் வழியாகத் தொகுதிகள்தாம் போய்வந்தன. இந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒரு லட்சம் பேருக்கு மேல் சேர்ந்து போட்ட வாக்கு. அதில் எங்கள் புளோக்கின் மனசு எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது?

இன்னொரு வேடிக்கை. என் தோழி கிளமெண்டி வெஸ்ட்டில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் மீனும் காய்கறியும் 448 சந்தையில்தான். 2020ல் அவளுக்கு வெஸ்ட் கோஸ்ட், எனக்கு ஜூரோங். அவள் பக்கம் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி போட்டி போட்டு, மக்கள் செயல் கட்சி 51.7 விழுக்காட்டில் தப்பிப் பிழைத்தது. அன்றிரவு அவளுக்குத் தூக்கமில்லை. எங்கள் வீட்டில் அப்பா பத்தரை மணிக்கே படுத்துவிட்டார். ஒரே சந்தைக்குப் போகிற நாங்கள் அவ்வளவு வேறுபட்ட மனிதர்களா? எனக்குத் தோன்றவில்லை. யார் எதிர்த்து நிற்கிறார், எவ்வளவு பெயர் தெரிந்தவர், கோடு எந்தச் சாலையில் விழுகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

“இந்தியர் ஓட்டு எங்கே?” என்பது சித்தப்பாவின் அடுத்த கேள்வி. 1989லிருந்து வீவக வீடுகளில் இன ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு புளோக்கில் இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து 15 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. எங்கள் மாடியில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டுமே. எங்கள் ஓட்டைத் தனியாகப் பொறுக்கி எடுத்து எண்ணினால் காப்பிக்கடையின் ஒரு மேசைக்குக்கூடத் தேறாது.

அண்ணன் 1979ல் பிறந்தவன். 2001ல் அவனுக்கு 22 வயது. வெஸ்ட் கோஸ்ட்டில் போட்டியே இல்லை. 2006லும் இல்லை. வாக்களிப்பது கட்டாயம், வாக்களிக்காவிட்டால் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரையே நீக்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட நாட்டில் அவன் வாக்குச்சீட்டைத் தொட்டுப் பார்க்கவே 32 வயதாயிற்று. 2011 மே 7ஆம் தேதி அவனும் நானும் ஒரே வரிசையில் நின்றோம். இருவருக்கும் முதல் வாக்கு. எதிரே போட்டியிட்டது கெனத் ஜெயரத்னத்தின் சீர்திருத்தக் கட்சி. 1981ல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றத்தில் நுழைந்த ஜே.பி. ஜெயரத்னத்தின் மகன் அவர். அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். நான் கிண்டல் செய்தேன். இப்போது நினைத்தால் செய்திருக்கக் கூடாது.

தெருக் கணக்கு வெளியாகாதது குறையா? ஊடகத்தில் இருப்பவளுக்கு அது குறைதான். அந்த எண்களை வைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சியே செய்துவிடுவேன். ஆனால் 1997 தேர்தல் நினைவுக்கு வருகிறது. அப்போது பிரதமர் கோ சோக் டோங், ஆதரவு அதிகம் காட்டும் குடியிருப்புகளுக்கு வீவக மேம்பாட்டில் முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொன்னார். எந்த வட்டாரம் எப்படி வாக்களித்தது என்பது அப்போது மின்தூக்கி விவகாரமாகிவிட்டது. இந்தியாவிலும் இதே பயத்தில்தான், பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணலாம் என்று தேர்தல் ஆணையம் 2008ல் யோசனை சொன்னது. அரசாங்கம் ஏற்கவில்லை. இங்கே எண்ணும் இடத்தில் நிற்கும் கட்சி முகவர்களுக்கு ஓரளவு தெரியும். நமக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் இரண்டு பக்கத்துக்கும் தெரியட்டும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்பது என் கட்சி.

இதையெல்லாம் மறுநாள் காலை பசியாறும்போது வீட்டில் சொன்னேன். அம்மா சிரித்தார். “புளோக்கை விடு. உங்கப்பா யாருக்குப் போடுறார்னு இத்தனை வருஷத்துல எனக்கே சொன்னதில்லை.”

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “தோசை தீயுது பாரு” என்றார்.