தரிசு என்றொரு சொல்

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அழகர்மலை. ஆழ்வார்கள் திருமாலிருஞ்சோலை எனப் பாடிய இம்மலைக்குப் பறவைகளைக் காண வருவோர், கள்ளழகர் கோவிலிலிருந்து பழமுதிர்சோலை நோக்கி ஏறும் வழியிலேயே நடப்பர். மார்கழி விடியலில் அங்கே முதல் விருந்து செவிக்குத்தான். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனம்பெருக்கிக் குளிர்காலத்தில் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி, புதருக்குள்ளிருந்து சீழ்க்கை ஒலிக்கும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. மாங்குயிலின் மஞ்சள் நிறம் இலைகளுக்கிடையே மின்னி மறையும்.

வெயில் ஏறியதும் பலர் வீடு திரும்பிவிடுவர். நான் மாணவர்களை மேலூர்ச் சாலையை ஒட்டிய வெட்டவெளிக்கு அழைத்துச் செல்வதுண்டு. சரளைக்கல், காய்ந்த புல், ஆவாரை, காரைப்புதர். வேறொன்றும் கண்ணுக்குப் படாது. “இங்கே என்ன ஐயா இருக்கிறது?” என்று எவரேனும் கேட்பர். சற்று நேரத்தில் ஆள்காட்டி கூச்சலிட்டு எழும். புல்லுக்குள் கௌதாரி ஓடும். ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு குழியில் முட்டையிடும். புள்ளியிட்ட அம்முட்டைகள் கூழாங்கற்களோடு கலந்துவிடுவதே அவற்றுக்குக் காவல். வானம்பாடிக்கோ ஒரு புற்கற்றையின் அடியே வீடு. மரமில்லாத வெளி இப்பறவைகளுக்குக் குறையன்று. அதுவே அவற்றின் தேவை.

இத்தகைய நிலத்தை வருவாய்த்துறைப் பதிவேடு தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று எழுதுகிறது. நடுவண் அரசு 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர்நிலமும் பாறைநிலமும் இடம்பெற்றன. வரி கொடுக்குமா, விளையுமா என்று மட்டுமே நிலத்தை நோக்கிய பார்வை இது. தரிசு என்று பெயரிட்டபின் அதனை எதற்கும் கொடுத்துவிடலாம், குப்பைமேடாகவும் ஆக்கலாம். நற்பணி என்று கருதி மரக்கன்று நடுவதும் உண்டு. நானும் ஒருமுறை மாணவர்களோடு புதர்களை வெட்டி வேம்பு நட்டவன்தான். அடுத்த கோடையில் அங்கே ஆள்காட்டியைக் காணவில்லை. சாலையோரத்திலும் ஊருக்குள்ளும் மரம் நடுவோம். வெளியை ஆக்கிரமிக்கும் சீமைக்கருவேலத்தையும் அகற்றுவோம். புல்வெளியைக் காடாக்குவது வேறு செயல்.

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது எதனையும் வீண் என்று ஒதுக்கவில்லை. வறண்ட பாலைக்கும் கருப்பொருள் வகுத்தனர். அதற்குரிய பறவைகளாகப் பருந்தையும் கழுகையும் புறாவையும் வைத்தனர். அவ்வரிசையை மனப்பாடம் செய்யும் நாம், பருந்து ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று கேட்பதில்லை.

அழகர்மலைக்குக் கிழக்கே உள்ள அரிட்டாபட்டியில் விடை கிடைக்கும். மொட்டைப் பாறைக்குன்றுகள் சூழ்ந்த அவ்வூரும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 எக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 250 பறவையினங்கள் அங்கே பதிவாகியுள்ளன. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு ஆகியவை அவற்றுள் அடங்கும். ஈராண்டு கழியுமுன் அப்பரப்பையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தது. ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர்; 2025 சனவரி 23 அன்று ஏலம் கைவிடப்பட்டது. குடைவரைக் கோவிலும் சமணர் படுகையும் தமிழிக் கல்வெட்டும் அவ்வூருக்குத் துணைநின்றன. கல்வெட்டு இல்லாத வெளிகளுக்கு யார் துணை? வல்லூறு கூடு வைப்பது பாறையில். இரை தேடுவதோ எல்லைக்கல்லைத் தாண்டி விரியும் புதர்க்காட்டிலும் வயல்வெளியிலும்.

ஆண்டுதோறும் தமிழகத்தில் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டவற்றையும் கேட்டவற்றையும் எழுதினால் அது ஒரு பட்டியல். வரும் பொங்கலில் கண்மாய்க் கரையில் ஒரு பட்டியல் எழுதுங்கள். இன்னொன்றை உங்கள் ஊர்த் தரிசில் நின்று எழுதுங்கள். இரண்டிலும் தேதியும் இடத்தின் பெயரும் இருக்கட்டும்.