ஆய்வுக்கூட எலியும் எண்ணூர் ஆடும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி)

ஆய்வுக்கூட எலி ஒன்று இறந்தால் அதன் ஈரலை எடைபோட்டுக் குறித்து வைக்கிறார்கள். எங்கள் குப்பத்தில் ஆடு ஒன்று இறந்தால் பழைய கோணியில் சுற்றி, கழிமுகத்து ஓரத்தில் மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வருகிறோம். இரண்டும் உயிர்தாம், இரண்டுக்கும் ஈரல் உண்டு. பின் ஏன் இந்த வேற்றுமை?

காதலையும் நிலவையும் பாட நம் கல்லூரியில் ஆள் பஞ்சமில்லை. செத்த ஆட்டைப் பற்றி எழுத நான் ஒருத்தி இருந்துவிட்டுப் போகிறேன்.

நான் கல்லூரியில் சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது இது. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்ததையும், வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுப்பாக்கியதையும், சிறகில் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்கள் நாளேடுகளில் வந்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். ஓடுவதற்கு முன் அம்மா கொட்டகைக்குள் நுழைந்து நான்கு ஆடுகளின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டாள். அப்பா தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார், ஆடா முக்கியம் என்று. விடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது நான்கும் வாசலில் நின்றன.

மூன்றாம் வாரத்தில் அவற்றில் இரண்டு போயின. மூக்கில் சளி, கண்ணில் பீளை, ஓயாத கழிச்சல், தழையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாட்டுப் பொங்கலன்று காலையில் சினையாடு, மறுநாள் கிடா. அந்தக் கிடா என் படிப்புச் செலவுக்கென்று வளர்த்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் நான். அந்தச் செலவை ஆட்டின் முதுகில்தான் ஏற்றி வைத்திருந்தோம்.

ஏன் இறந்தன? அம்மா சொன்னாள்: "அந்த ராத்திரி கேஸை மோந்ததுதான். அதுக்கப்பறம் இதுங்க நல்லா மேஞ்சுதுங்களா?" பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "இல்லடி, இது ஆட்டுக்கொல்லி. எங்கம்மா வூட்ல ஒரே வாரத்துல பட்டியே காலியாச்சு" என்றார். டீக்கடை அண்ணன் சிரித்தார்: "குப்பைமேட்டுல கவர் தின்ற ஆடு வேற எப்படிச் சாவும்?" மூன்று பேரும் உறுதியாகச் சொன்னார்கள். மூன்று பேரும் ஆட்டின் உள்ளே பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. பார்க்கலாம் என்ற எண்ணமே எங்களுக்குத் தோன்றவில்லை.

கல்லூரியில் சேர்ந்து, நூலகத்திலிருந்து கால்நடை நோயியல் நூல் ஒன்றை நம் துறைப் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த பிறகுதான் எனக்கு வயிறு எரிந்தது. அந்த மூன்று காரணங்களும் ஆட்டின் உடம்பில் மூன்று வெவ்வேறு இடங்களில் எழுதப்பட்டிருக்குமாம்! அமோனியா ஈரத்தில் கரையும் வாயு. மூச்சுக்குழலின் ஈரமான உட்தோலில் பட்டதும் காரமாகி அதைப் புண்ணாக்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆட்டுக்கொல்லி என்றால் வாயிலும் குடலிலும் புண்கள் இருக்கும். பெருங்குடலை நீளவாக்கில் திறந்தால் உட்சுவரில் வரிக்குதிரையின் வரிகளைப் போலச் சிவந்த கோடுகள் தெரியும். பிளாஸ்டிக் என்றால் சொல்லவே வேண்டாம், முதல் வயிற்றைத் திறந்தவுடனே முடிச்சு முடிச்சாக வெளியே வரும். பழகிய கண்ணும் கூரிய கத்தியும் ஒரு மணி நேரமும் இருந்தால் பெரும்பகுதி விளங்கிவிடும். மீதிக்கு உறுப்புகளின் மெல்லிய துண்டுகளைப் பார்மலினில் இட்டு, மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். உட்கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். நாம் செய்முறை வகுப்பில் பார்க்கும் கண்ணாடித் தகடுகளைப் போன்றவைதாம் அவையும். ஒரே வேறுபாடு, நாம் நலமுள்ள திசுவைப் பார்த்துப் படம் வரைகிறோம். அவர்கள் நோயுற்ற திசுவைப் பார்த்து வழக்கை முடிக்கிறார்கள்.

எலியிடம் வருகிறேன். ஆய்வுக்கூட எலிக்குக் கூண்டின் முன் ஓர் அட்டை உண்டு. இனம், பிறந்த நாள், எடை எல்லாம் அதில் இருக்கும். விஸ்டார் என்று ஓர் எலி இனம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள ஒரு நிறுவனத்தின் பெயரால் வழங்குவது. நம்மில் எத்தனை பேருக்குப் பாட்டன் பெயருக்கு மேல் தெரியும்? அந்த எலிக்குக் குலமுறை முழுவதும் தெரியும். அது நோயுற்றால் ஆராய்ச்சியாளருக்குத் தூக்கம் போய்விடும். மருந்தால் வந்த கேடா, எலிக்கு ஏற்கெனவே இருந்த நோயா என்று பிரிக்க முடியாமற் போனால் ஆய்வே வீண். நோயுற்ற எலி பொய்ச்சாட்சி சொல்லும். ஆகவேதான் ஆய்வுக்கூட விலங்குகளின் நோய்களுக்கென்றே தனியாக ஒரு படிப்பு வளர்ந்திருக்கிறது.

அந்தப் படிப்பில் எண்ணூர்க்காரியான என்னைத் திடுக்கிட வைத்த செய்தி ஒன்று உண்டு. ஆய்வுக்கூட எலிகளுக்கு மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் நாள்பட்ட மூச்சு நோய் வருவதுண்டு. கூண்டில் சிறுநீர் ஊறிய படுக்கையிலிருந்து எழும் அமோனியா அந்த நோயைக் கடுமையாக்குகிறது என்று 1976-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பின் எலிக் கூண்டில் அமோனியா எவ்வளவு இருக்கலாம் என்று அளந்து, படுக்கையை மாற்றுவதும் காற்றோட்டம் அமைப்பதும் கடமையாகிவிட்டன. எலிக்கூண்டின் அமோனியாவுக்கு அளவுகோல் இருக்கிறது நண்பர்களே! எங்கள் ஆட்டுக்கொட்டகையில் அந்த இரவு எவ்வளவு இருந்தது என்று யார் அளந்தார்கள்?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எலியில் கண்டது ஆட்டுக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. பொருந்துமென்றால் அம்மாவும் பெரியம்மாவும் சண்டை போட்டிருக்கவே வேண்டாம். வாயு பாதை வெட்ட, நோய் அதன் வழியே நுழைந்திருக்கலாம். இப்படி இரண்டு காரணங்கள் கைகோத்துக்கொண்டு வருவதைப் பிரித்துச் சொல்லத்தான் நோயியல் அறிஞர் வேண்டும். ஊர்ப்பேச்சால் அது முடியாது.

செத்த ஆட்டைத் திறந்து பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்குத் தொலைதூரத்திலிருந்து உதாரணம் தேட வேண்டியதில்லை. விழுப்புரம் பக்கத்து அரசூர் போதும். அப்போது அது தென்னாற்காடு மாவட்டம். 1987-இல் அங்கே செம்மறியாடுகளுக்கு ஒரு கொள்ளைநோய் வந்தது. பார்வைக்கு மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் போலவே இருந்தது. மாட்டு நோய்தான் ஆட்டுக்கும் வந்துவிட்டது என்று அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். அது வெக்கை நோயின் பங்காளியான வேறொரு வைரசு. 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஆட்டுக்கொல்லி. இந்தியாவில் அது இருக்கிறது என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் உடன் உழைத்தவர்களும் 1989-இல் வெளியிட்டார்கள். அந்த அரசூர் வைரசையே பலவீனமாக்கித் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி செய்தது. அதன் பெயரே 'அரசூர் 87'. ஒரு சிற்றூரில் செத்த ஆடுகள் ஒரு தடுப்பூசிக்குப் பெயராக நிற்கின்றன! வெக்கை நோயோ, இந்தியாவில் கடைசியாக 1995-இல் நம் தமிழ்நாட்டிலேயே தோன்றி மறைந்து, 2011-இல் உலகத்தைவிட்டே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அது. எந்த நோய் எது என்று பிரித்தறியாமல் ஒழித்திருக்க முடியுமா?

"மனுஷனுக்கே வைத்தியம் இல்லை, ஆட்டுக்குப் பிரேதப் பரிசோதனையா?" என்று ரயிலில் என்னோடு வரும் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்கு மினமாட்டாவின் கதையைச் சொன்னேன். ஜப்பானில் எங்களூரைப் போலவே கடலும் தொழிற்சாலையும் மீனவரும் சேர்ந்திருக்கும் ஊர் அது. 1950-களில் அங்கே பூனைகள் வலிப்புக் கண்டு, சுழன்று ஆடி, கடலில் விழுந்து மடிந்தன. பூனைகள் அழிந்ததால் எலிகள் பெருகிவிட்டன என்று 1954-இல் மீனவக் குடியிருப்பு ஒன்று நகராட்சியிடம் முறையிட்டது. எலியை ஒழிக்க வழி கேட்டார்கள். பூனைகள் ஏன் செத்தன என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. 1956 மே முதல் நாளன்றுதான் மனிதருக்கு வந்த நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவாயிற்று. தொழிற்சாலை மருத்துவமனையின் மருத்துவர் ஹொசொகாவா, ஆலைக் கழிவைத் தீவனத்தில் கலந்து ஆய்வுப் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1959 அக்டோபரில் 400-ஆம் எண் பூனை அதே நோய் கண்டது. ஆலை நிர்வாகம் அந்த முடிவை வெளியே விடவில்லை. பாதரசக் கழிவு 1968 வரை கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஹொசொகாவா 1970-இல் மரணப் படுக்கையில் கிடந்தபடி சாட்சியம் சொன்னார்.

தெருப் பூனை முதலில் சொன்னது. ஆய்வுக்கூடப் பூனை அதை உறுதி செய்தது. இரண்டின் பேச்சையும் கேட்டிருந்தால் எத்தனை குழந்தைகள் தப்பியிருக்கும்! எங்கள் ஊரில் அப்படியொரு நஞ்சு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்குச் சான்று கிடையாது. இல்லை என்று சொல்பவர்களிடமும் சான்று இருக்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன். நாங்கள் குடிக்கும் காற்றைத்தான் ஆடும் குடிக்கிறது. எங்களைவிடத் தரைக்கு நெருக்கமாக நின்று குடிக்கிறது.

டீக்கடை அண்ணனின் வழக்கையும் தள்ளிவிடக்கூடாது. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலிலிருந்து வேப்பேரிக்குக் கொண்டுவரப்பட்ட பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். எங்கள் ஆட்டின் வயிற்றிலும் அதுவே இருந்திருந்தால், குற்றவாளிக் கூண்டில் ஆலை நிற்காது. பையில் மிச்சக் குழம்பை முடிந்து வீசிய எங்கள் தெருதான் நிற்கும். உண்மையைச் சொன்னால், ஆட்டைத் திறந்து பார்க்காததில் எல்லோருக்கும் ஒரு வசதி இருக்கிறது. வாயுவைக் கசியவிட்டவரும் தப்பினார், தடுப்பூசி போடாத நாங்களும் தப்பினோம், குப்பை போட்டவரும் தப்பினார். ஆடு மட்டும் தப்பவில்லை.

நம் துறை ஆசிரியர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "ஓர் ஆட்டை வைத்து எதையும் நிறுவ முடியாதம்மா" என்றார். ஒப்புக்கொள்கிறேன். எண்ணூரில் ஐம்பது ஆடு, புகையில்லாத ஊரில் ஐம்பது ஆடு என்று ஒப்பிட்டால்தான் அறிவியல். ஆனால் முதல் ஆட்டையே மணலில் புதைத்துவிட்டால் ஐம்பதை எப்போது எண்ணுவது?

மாதவரம் ஒன்றும் மதுரைக்குப் பக்கத்தில் இல்லை. 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரிக்கு வந்த கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989-இல் மாதவரம் பால்பண்ணையில் தலைமையிடம் கொண்டு எழுந்த பல்கலைக்கழகமும் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. குறையெல்லாம் இடையில் உள்ள சில மைல்களில்தான். எண்ணூர் வெயிலில் செத்த ஆடு சில மணி நேரத்தில் வயிறு ஊதி அழுகத் தொடங்கும். பிறகு எந்த நிபுணராலும் தெளிவாகப் படிக்க முடியாது. உடனே கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். குளிரவைக்க ஐஸ் வேண்டும். காசிமேட்டில் மீனுக்குக் கிடைக்கும் ஐஸ் ஆட்டுக்குக் கிடைக்காதா? கிடைத்த முடிவைத் தமிழில் எழுதி ஆட்டுக்காரர் கையில் கொடுக்கவும் வேண்டும். காப்பீடு செய்த ஆடாக இருந்தால் அந்தத் தாளின் அருமை தனி.

ஆர்வத்தில் நாமே கத்தியை எடுத்துவிடக்கூடாது. இதை அழுத்திச் சொல்லவேண்டும். அடைப்பான் நோயால் இறந்த ஆட்டைத் திறந்தால் அதன் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்; அறுத்தவர் உயிருக்கும் ஆபத்து. கைதேர்ந்த மருத்துவரே ஐயமிருந்தால் காதிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் மட்டும் எடுத்துப் பார்த்த பிறகுதான் கத்தியைத் தொடுவார். நம் வேலை அறுப்பதன்று, எழுதுவது. எந்தத் தெரு, என்ன விலங்கு, எத்தனை வயது, என்ன அறிகுறி, அன்று காற்று எந்தப் பக்கம், யாரிடம் தெரிவித்தோம் என்பவற்றைக் குறிக்க நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் பத்துப் பேர் போதும். கத்திவாக்கத்திலிருந்தும் எர்ணாவூரிலிருந்தும் நம் வகுப்பிலேயே அத்தனை பேர் இருக்கிறோம்.

என் பங்குக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டிருக்கிறேன். முதல் இரண்டு வரிகளில் எங்கள் சினையாடும் கிடாவும் இருக்கின்றன. காரணம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. மிஞ்சிய இரண்டு ஆடுகளுக்கும் அம்மா ஆட்டுக்கொல்லி ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அதில் ஒன்று இந்த மாதம் இரண்டு குட்டி போட்டது. பிறந்த நாளையும் எடையையும் குறித்துவிட்டேன். மீன் எடைபோடும் தராசில்தான் நிறுத்தோம். அம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.