நமக்கெதுக்கு எக்கனாமிக்ஸ்?

"டிப்ளமோ முடிச்சிட்டு என்னடா பண்ணப் போறே?" என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் லேட்டரல் என்ட்ரியில் பி.ஈ. என்போம். மீதிப் பேர் வேலை என்போம். யாராவது ஒருத்தன் "பொருளாதாரம், மார்க்கெட்டிங் படிக்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும், கேன்டீனே சிரிக்கும்! மார்க்கெட்டிங் என்றால் வெயிலில் டை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பெல் அடிப்பது என்றுதான் நமக்கு நினைப்பு. நானும் அப்படித்தான் இருந்தேன், போன லீவில் எங்கள் தெரு அண்ணன் ஒருவரின் லேத் பட்டறைக்குப் போகும்வரை.

அண்ணன் வேலையில் புலி. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு புள்ளி பிசகாது. ஒரு கம்பெனிக்கு புஷ் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார், ஒன்று 22 ரூபாய். மெட்டீரியல் 11 ரூபாய், ஆள் கூலியும் கரண்டும் 8 ரூபாய். "மூணு ரூபா நிக்குது தம்பி" என்றார்.

நிற்கவில்லை. லேத் விலை 3 லட்சம். பத்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் தேய்மானம் மட்டும் மாசம் 2,500. ஷெட் வாடகை 4,000. ஒரு புஷ்கூடக் கடையாமல் கதவைப் பூட்டி வைத்தாலும் மாசம் 6,500 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். மூணு மூணு ரூபாயாகச் சேர்த்து அதை அடைக்க 2,167 புஷ் வேண்டும். அந்த லேத்தில் ராப்பகலாக ஓட்டினாலும் மாசம் 1,500-க்கு மேல் வராது! அதாவது, ஆர்டர் கையில் வாங்கிய அன்றே நஷ்டம் எழுதியாகிவிட்டது. 24 ரூபாய் கேட்டிருந்தால் முழு ஓட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாயாவது மிஞ்சியிருக்கும். பாங்க் வட்டியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"ஏண்ணே 22 போட்டீங்க?" என்று கேட்டேன். "பக்கத்துப் பட்டறையில 23 போட்டாங்க, அதான்" என்றார். பக்கத்துப் பட்டறைக்காரருக்கு இடம் சொந்தம், வாடகை கிடையாது. எதிராளியின் விலையைப் பார்த்தவர், எதிராளியின் செலவைப் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வியாபார உத்தி என்று தனிப் பாடமாக நடத்துகிறார்களே, அதில் இதுதான் அரிச்சுவடி.

நமக்கு இது தெரியாததா? மேனேஜ்மென்ட் பேப்பரில் 'பிரேக் ஈவன் பாயின்ட்' என்று இதே கணக்கைப் படம் போட்டு மார்க் வாங்குகிறவர்கள்தானே நாம்! பரீட்சை முடிந்ததும் அந்தப் படம் பட்டறைக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

சரி, பொருளைச் செய்யத் தெரிந்தவன் சந்தையையும் படித்தால் என்ன நடக்கும்? கடலூரைப் பாருங்கள். ஷாம்பு என்றால் பாட்டில், பாட்டில் என்றால் பணக்காரர் வீடு என்றிருந்த காலத்தில் அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார் சின்னிகிருஷ்ணன். அன்றாடக் கூலிக்காரருக்கு ஷாம்பு போட ஆசை இல்லாமலில்லை. பாட்டில் வாங்க ஒரே நாளில் அத்தனை காசு கையில் இருக்காது. தேவை என்பது ஆசை மட்டும் அல்ல, கையிருப்பும் சேர்ந்தது என்று பொருளாதாரப் புத்தகம் சொல்வதை அவர் பாக்கெட்டாகச் செய்து காட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கியதுதான் 'சிக்' ஷாம்பு. எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். ஜனங்கள் பழகிய பிறகு, சிக் காலிப் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். மார்க்கெட்டிங் என்பது டை கட்டுவது அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்தப் பாக்கெட் போடும் மெஷினைச் செய்வதும் ஓட்டுவதும் நம்ம மெக்கானிக்கல் ஆட்கள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலே இதெல்லாம் வந்துவிடாது. அங்கேயும் கைடு வாங்கி மனப்பாடம் செய்து எம்.ஏ. வாங்கியவர்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு தொடங்கிய விதமே வேறு. முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915-ல் இங்கிலாந்திலிருந்து வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, லீவில் கிராமங்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள்? அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து இருவேல்பட்டு, நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் போன்ற ஊர்களைப் பற்றி அப்படி எழுதியது 1918-ல் புத்தகமாக வந்தது. அதே ஊர்களுக்கு 1930-களிலும் 1980-களிலும் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி போய், என்ன மாறியது என்று பார்த்தார்கள். லீவுக்கு ஊருக்குப் போன பையன்கள் போட்ட அஸ்திவாரம் அது!

பி.ஈ. முடித்து எம்.பி.ஏ. போக வழி இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பொருளாதாரமோ வணிகமோ படிக்கவும் வழி இருக்கிறது. டிப்ளமோ தகுதிக்கு எங்கே இடம் உண்டு என்பதை விண்ணப்பம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் லேத்தை விற்றுவிட்டார். வாங்கியவரிடமே இப்போது ஆபரேட்டர். அதே லேத், அதே புஷ். விலை மட்டும் வேறு, 25 ரூபாய்.

எங்கள் பட்டறைத் தெருவில் இன்னும் பதினான்கு பட்டறைகள் இருக்கின்றன. இந்த லீவில் ஒவ்வொன்றாகப் போய், வாடகை, தேய்மானம், வட்டி எல்லாம் எழுதி எடுக்கலாமென்று இருக்கிறேன். வர்றவங்க பேர் கொடுங்க. டீ உண்டு, அவரவர் செலவில்!