வேலூர் பஸ் ஓடுதா?

சித்தூர்க்காரத் தமிழனுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. ஊர்ச் செய்தி அவனுக்கு இரண்டு தடவை வரும், தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று. இரண்டும் ஒரே ஊரைப் பற்றித்தானா என்று சில நாள் சந்தேகமே வந்துவிடும். நியூஜெர்சியில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் ரத்தக் கொதிப்பும் இரண்டு மடங்கு. "அப்ப பார்க்காதீங்க சார்" என்பார்கள் நண்பர்கள். அம்மா சித்தூரில் இருக்கும்போது அது ஆகிற காரியமா? பார்க்கத்தான் போகிறோம். எப்படிப் பார்ப்பது என்பதுதான் விஷயம்.

2015 ஏப்ரல் 7. திருப்பதிக்குப் பக்கத்தில், சந்திரகிரியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். நான் பார்த்த தெலுங்கு சேனல்களில் அவர்கள் கடத்தல்காரர்கள். கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், போலீஸ் தற்காப்புக்குச் சுட்டது. தமிழ் சேனல்களில் அவர்கள் ஏழைக் கூலிகள், நடந்தது படுகொலை. இங்கே நடுராத்திரி. அண்ணனைக் கூப்பிட்டு நான் கேட்டது ஒரே கேள்வி: "வேலூர் பஸ் ஓடுதா?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர்தான். பெண் எடுப்பது, ஜவுளி எடுப்பது, சி.எம்.சி.யில் வைத்தியம் பார்ப்பது எல்லாமே அங்கேதான். அந்த பஸ் ஓடினால் ஊர் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். எந்த சேனலும் இதைச் சொல்லாது.

"ஓடலைடா. மத்தபடி கடையெல்லாம் தொறந்திருக்கு. அம்மா சீரியல் பாத்துனு இருக்காங்க" என்றார் அண்ணன். அந்த வாரம் அம்மாவை செக்கப்புக்கு வேலூர் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அதைத் தள்ளிப்போட்டோம். அன்றைக்கு நாங்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

கவலையைக் குறைத்துக்கொள்கிறேன் பேர்வழி என்று அந்த 20 பேரை மறந்துவிடச் சொல்லவில்லை. அவர்களில் சிலரை முதல் நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சாட்சி சொன்னார்கள். அதெல்லாம் நாள் கழித்து, பொறுமையாகப் படிக்கவேண்டிய செய்தி. விடிய விடிய டிவி பார்த்தவனுக்கு அதற்குள் அலுத்துப்போயிருக்கும் என்பதுதான் என் வருத்தம்.

லட்டு விவகாரமும் இப்படித்தான். முந்தைய ஆட்சியில் திருப்பதி லட்டு நெய்யில் மிருகக் கொழுப்பு கலந்திருந்தது என்று சந்திரபாபு நாயுடு 2024 செப்டம்பர் 18 அன்று சொன்னார். ஜெகன் மறுத்தார். தெலுங்கில் அது நாயுடு-ஜெகன் சண்டை. தமிழில் திண்டுக்கல் நெய் கம்பெனி. வதந்தி பழனி பஞ்சாமிர்தம் வரைக்கும் போய், தமிழக அரசு மறுப்பு சொல்லவேண்டி வந்தது. எங்கள் நியூஜெர்சி நண்பர் வட்டத்தில் பத்து வருஷ சிநேகிதர்கள் இரண்டு பேர் இதனால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சுப்ரீம் கோர்ட் அக்டோபர் 4-ல்தான் 5 பேர் கொண்ட விசாரணைக் குழுவையே அமைத்தது. நெய் கம்பெனிகளைச் சேர்ந்த 4 பேர் கைதானது 2025 பிப்ரவரியில். அதாவது சிநேகிதம் முறிந்தபோது, யாருக்கும் உறுதியாக ஒன்றும் தெரியாது.

பல வருஷமாகப் பார்த்ததில் நான் பிடித்துவைத்திருக்கும் வழி இது. இரண்டு மொழியும் ஒன்றுபோலச் சொல்வதை உடனே நம்பு, போனை எடு. வேறு வேறாகச் சொல்வதை வாரக்கடைசிக்கு ஒதுக்கிவை. தெலுங்கு தெரியாதவர்கள் இரண்டு கட்சி சேனல்களை வைத்து இதையே செய்து பார்க்கலாம்.

2025 ஜனவரி 8 ராத்திரி, திருப்பதியில் வைகுண்ட துவார தரிசன டோக்கன் வாங்க நின்ற கூட்டத்தில் நெரிசல். 6 பேர் செத்துப்போனார்கள். இடம் பைராகிப்பட்டெடா, ஆஸ்பத்திரி ரூயா. இதில் இரண்டு மொழிக்கும் வித்தியாசமில்லை. இங்கே ஆபீஸ் நேரம். மாமா வீட்டார் டோக்கனுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். மீட்டிங்கை விட்டு வெளியே வந்து கூப்பிட்டேன். நாலாவது தடவை அத்தை எடுத்தார். வேறொரு கவுன்டரில் நின்றிருக்கிறார்கள்.

இதற்கு யார் பொறுப்பு என்ற சண்டையும் சீக்கிரமே கிளம்பிவிட்டது. அதை நான் சனிக்கிழமை காபியோடு படித்தேன்.