நட்சத்திரம் வந்தால் கோப்பை வருமாம்!

காலை ஷிஃப்ட் முடிந்து ஓசூர் சிப்காட் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணா, மெஸ்ஸி ஒரே ஒரு சீசன் ஐ.எஸ்.எல்.ல ஆடட்டும், நம்ம ஃபுட்பால் எங்கயோ போயிடும் பாருங்க" என்றார். சுற்றி நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். பந்தைக் காலால் தொட்டே இராத டீ மாஸ்டரும் தலையாட்டினார். எனக்குக் கையில் இருந்த டீ கசந்துபோனது.

மெஸ்ஸி வந்தாரே ஐயா! 2025 டிசம்பர் 13, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். ஆயிரக்கணக்கில் கொட்டிக்கொடுத்து டிக்கெட் வாங்கிய ஜனங்களுக்குக் காணக் கிடைத்தது மெஸ்ஸியைச் சூழ்ந்து நின்ற பெரிய மனிதர்களின் முதுகு. சற்று நேரத்தில் அவர் கிளம்பிவிட்டார். பாட்டில் பறந்தது, நாற்காலி பறந்தது. அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 22 அன்று, ரொனால்டோவின் அல் நாசர் அணி கோவாவுக்கு வந்தது. அணி வந்தது, ரொனால்டோ வரவில்லை. நாடே துக்கம் கொண்டாடியது. ஆனால் அதே ஆட்டத்தில் அல் நாசருக்கு எதிராக எஃப்.சி. கோவாவின் பிரைசன் ஃபெர்னாண்டஸ் ஒரு கோல் அடித்தார். கோவா தோற்றது 2-1 என்ற கணக்கில்தான். வராத ஆளைப் பற்றி ஒரு வாரம் பேசினோம். கோல் அடித்த ஆளைப் பற்றி ஒரு டீ குடிக்கும் நேரம் பேசினோமா?

பெரிய பேரை வாங்கிவிட்டால் கோப்பை தானாக வந்து சேரும் என்ற இந்த மூடநம்பிக்கையை 2014-இல் இந்தியன் சூப்பர் லீக்கை (ஐ.எஸ்.எல்.) தொடங்கியவர்கள் விதியாகவே ஆக்கிவிட்டார்கள். ஒவ்வோர் அணியும் 'மார்க்கி' என்று ஒரு நட்சத்திரத்தைக் கூட்டிவர வேண்டும் என்றார்கள். டெல்லி, டெல் பியரோவைக் கூட்டிவந்தது. சீசன் நடுவிலேயே அவருக்கு 40 வயது நிறைந்தது. அடித்த கோல் ஒன்று. டெல்லி அரையிறுதிக்கே போகவில்லை. மும்பை, லியுங்பெர்க்கையும் அனெல்காவையும் வாங்கியது. எட்டு அணிகளில் ஏழாவது இடம். புனே, உலகக் கோப்பை வென்ற ட்ரெஸெகேவை வாங்கியது. அரையிறுதி வாசலைக்கூட மிதிக்கவில்லை. 2017-இல் கேரளா பிளாஸ்டர்ஸ் பெர்பட்டோவை அழைத்துவந்தபோது கொச்சியில் திருவிழா. முடிவு, ஒரு கோல், ஆறாவது இடம்.

உடனே, "2014-இல் கொல்கத்தா லூயிஸ் கார்சியாவை வைத்துத்தானே ஜெயித்தது" என்று யாராவது கை தூக்குவார்கள். கையை இறக்குங்கள். அந்த இறுதிப் போட்டியின் ஒரே கோலை, கடைசி நிமிடத்தையும் தாண்டிய நேரத்தில், மாற்று ஆட்டக்காரராக வந்து அடித்தவர் முகமது ரஃபீக். பெஞ்சில் இருந்து எழுந்து வந்த நம் ஊர்ப் பையன்.

இப்போது கோயம்புத்தூருக்கு வாருங்கள். இந்த விவாதத்தில் நான் எப்போதும் போய் நிற்கும் இடம் அதுதான்; இன்றுவரை யாரும் என்னை அங்கிருந்து நகர்த்தியதில்லை. 2018-19 ஐ-லீக். சென்னை சிட்டி எஃப்.சி. என்று பெயர், ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். முந்தைய சீசனில் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்த அணி. பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஓடிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் விமானத்தில் வந்து இறங்கியபோது வரவேற்க மாலையோடு யாரும் நின்றிருக்க மாட்டார்கள். கூட நம் பிள்ளைகள்: அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார். மான்சி மட்டும் அந்த சீசனில் 21 கோல் போட்டார்.

2019 மார்ச் 9, கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாப். தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டார்கள். வேறோர் ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து, இங்கே இவர்கள் சறுக்கினால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டி. அடுத்த இரண்டு கோல் யாருடையவை? கௌரவ் போரா. தடுப்பாட்டக்காரர். 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. கோப்பை கோவையில்.

அதே சீசனில், அதே தமிழ்நாட்டில், பெரிய பணம், பெரிய பெயர், நடிகர் முதலாளி, நேரலை வெளிச்சம் எல்லாம் இருந்த சென்னையின் எஃப்.சி. என்ன செய்தது? 18 ஆட்டம், 9 புள்ளி, ஐ.எஸ்.எல். பட்டியலில் கடைசி இடம். அதுவும் முந்தைய ஆண்டின் சாம்பியன்! பத்து கட்டுரை எழுதினாலும் சொல்ல முடியாததை இந்த இரண்டு புள்ளிப் பட்டியல்கள் சொல்லிவிடுகின்றன.

"அது ஐ-லீக்குங்க, ஐ.எஸ்.எல். வேற லெவல்" என்பார்கள். சரி, 2019 ஏப்ரல், புவனேஸ்வரம், சூப்பர் கோப்பை காலிறுதி. அப்போதுதான் ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிவிட்டு வந்திருந்த பெங்களூரு எஃப்.சி.யை இதே சென்னை சிட்டி 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. வேற லெவல்தான். எந்த லெவல், யாருடைய லெவல் என்று நீங்களே சொல்லுங்கள்.

"மான்சியும் வெளிநாட்டுக்காரர்தானே?" என்பது அடுத்த கேள்வி. வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அக்பர் நவாஸ் தன் ஆட்டத்துக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து ஆள் தேடினார். மற்றவர்கள் சுவரொட்டியில் எந்த முகம் போட்டால் டிக்கெட் போகும் என்று பார்த்து ஆள் தேடினார்கள். பந்தியில் உட்காரவைத்து இலை நிறையப் பாயசம் மட்டும் ஊற்றினால் பசி அடங்குமா? சோறு வேண்டாமா?

ஓசூர்க்காரனுக்கு இதில் தனிக் கோபம் உண்டு. எங்களுக்கு ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் வெந்தால் பெங்களூருவின் கண்டீரவா மைதானம். மொத்தம் 40 கிலோமீட்டர். சென்னை நேரு ஸ்டேடியமோ 300 கிலோமீட்டருக்கு மேல். அதனால் ஒரே வீட்டில் அண்ணன் நீலச் சட்டை சென்னையின், தம்பி நீலச் சட்டை பெங்களூரு. தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதுவும் கலந்து சண்டை போடுவோம். ஆனால் நட்சத்திரப் பைத்தியத்தில் மட்டும் இந்த எல்லையூரில் அப்படி ஓர் ஒற்றுமை!

2018 மார்ச் 17 அன்று கண்டீரவாவில் இறுதிப் போட்டி நடந்தபோதும் இந்தப் பைத்தியம்தான். லீக்கில் பெங்களூரு 40 புள்ளி, சென்னையின் 32. சுனில் சேத்ரி இருக்கிறார், மீக்கு இருக்கிறார், சொந்த மைதானம், முடிந்தது கதை என்றார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி கோல் போட்டதும் அத்திப்பள்ளி வரை வெடி வெடித்திருக்கும். பிறகு மெயில்சன் ஆல்வ்ஸ் என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு முறை கார்னரில் எழும்பித் தலையால் முட்டினார். மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ போட்டார். மீக்கு கடைசியில் அடித்தது ஆறுதலுக்கு. 3-2. இறுதிப் போட்டிக்கு முன் மெயில்சன் பெயரை எத்தனை பேர் சட்டை முதுகில் அடித்திருந்தார்கள்?

ஆளை வாங்குவதில் தொடங்கும் இந்த நோய், ஆடும் பதினொருவரைத் தேர்வு செய்வதில் முற்றிவிடுகிறது. பெரிய பெயர் பெஞ்சில் உட்காரக் கூடாதாம். 2022-23 சீசனில் பாதிவரை பெங்களூரு தள்ளாடியது. பயிற்சியாளர் சைமன் கிரேசன் என்ன செய்தார்? சுனில் சேத்ரியை, ஆமாம், சேத்ரியையே, பெஞ்சில் உட்காரவைத்தார். முன்வரிசையில் சிவசக்தி நாராயணனை இறக்கினார். சிவகங்கை மாவட்டம் கண்டனூர்ப் பையன், வயது 21. "கேப்டனை உட்கார வச்சிட்டு யாரோ ஒரு பொடியனா?" என்று இங்கே புலம்பாத ரசிகன் இல்லை. அந்தப் பொடியன் ஓடிய ஓட்டத்தில் பெங்களூரு தொடர்ந்து எட்டு லீக் ஆட்டங்களை ஜெயித்து, இறுதிப் போட்டி வரை போனது. கேரளாவுக்கு எதிரான நாக் அவுட்டில் சேத்ரி மாற்று ஆட்டக்காரராக வந்துதான் கோல் அடித்தார். பெஞ்சில் உட்கார்ந்ததால் அவர் புகழில் ஒரு முடி உதிர்ந்ததா? புலம்பியவர்கள் எல்லாரும் அப்புறம், "நான் அப்பவே சொன்னேன், சிவசக்தி நம்ம பையன்னு" என்றார்கள்.

அந்திசாயும் நேரத்தில் எங்கள் பக்கத்துக் காலி மனைகளைப் பார்த்தால் இதே கூத்து சிறிய அளவில் நடக்கும். ஷிஃப்ட் முடிந்து வந்த பையன்கள், ஒடிசா, அசாம், தருமபுரி, ராயக்கோட்டை எல்லாம் கலந்து, சேஃப்டி ஷூவைக் கழற்றி இரண்டு பக்கமும் வைத்து கோல் கம்பம் ஆக்குவார்கள். அணி பிரிக்கும்போது முதலில் கூப்பிடப்படுகிறவன் முதுகில் 7 என்று போட்ட சட்டைக்காரன். கடைசியில் கூப்பிடப்படுகிறவன் வெறுங்காலோடு நிற்கும் ஒல்லிப் பையன். கால் மணி நேரம் போனால் தெரியும். 7-ஆம் எண் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். ஒல்லிப் பையன் காலில் இருந்து பந்தைப் பிடுங்க முடியாது. மறுநாள் அணி பிரிக்கும்போது? திரும்பவும் 7-ஆம் எண்தான் முதலில்.

இதை வளர்த்துவிட்டது ஐ.பி.எல். ஏலம். மனிதனைக் கோடியில் அளந்து பழகிவிட்டோம். பெங்களூரு ஆர்.சி.பி. கெய்ல், டி வில்லியர்ஸ், கோலி என்று வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வெறுங்கையோடு திரும்பியது. 2016-இல் கோலி மட்டும் 973 ரன் அடித்தும் இறுதியில் தோல்வி. 18-ஆவது சீசனில், 2025-இல், கோப்பை வந்தபோது இறுதிப் போட்டியின் ஆட்ட நாயகன் குருணால் பாண்டியா. கடல் தாண்டிப் போனாலும் கதை இதேதான். பாரிஸ் அணி நெய்மாருக்கு 22.2 கோடி யூரோ கொடுத்தது, மெஸ்ஸியையும் எம்பாப்பேயையும் பக்கத்தில் நிறுத்தியது. சாம்பியன்ஸ் லீக் வரவில்லை. மூவரும் கிளம்பிய பிறகு, 2025 மே மாதம், இண்டர் மிலானை 5-0 என்று நொறுக்கிக் கோப்பையைத் தூக்கியது. டீக்கடைத் தம்பிகள் கவனிக்க.

மைதானத்தோடு முடிகிற வியாதி என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். எங்கள் தொழிற்பேட்டையில் எந்தக் கேட்டைத் திறந்தாலும் இதுதான். லைனில் எட்டு வருஷம் நின்று, மெஷின் இருமினாலே என்ன கோளாறு என்று சொல்லும் ஐ.டி.ஐ. பையன் இன்னும் கான்ட்ராக்ட். வெளியூரில் இருந்து பெரிய கல்லூரிப் பெயரோடு ஒருவர் வந்து இறங்குவார். சம்பளம் நாலு மடங்கு. ஆறு மாதத்தில் அவர் பெங்களூருக்கு வேறு வேலை பார்த்துப் போய்விடுவார். மெஷின் நின்றால் கூப்பிடுவது மறுபடியும் அந்தக் கான்ட்ராக்ட் பையனை. நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் இதைப் பார்த்துவிட்டேன், பெயர் வேண்டாம். நட்சத்திரத்தைக் கொண்டுவந்தோம் என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்டினால் போதும் அவர்களுக்கு.

"உங்க சென்னை சிட்டி இப்ப எங்கண்ணா?" என்று கேலியாகக் கேட்கிறார்கள். ஐ-லீக்கில் இல்லைதான். ரொமாரியோவைக் கோவா கொண்டுபோனது. எட்வினைச் சென்னையின் எடுத்துக்கொண்டது. அஜித் குமாரை உங்கள் பெங்களூருவே அழைத்துக்கொண்டது. மான்சி ஜப்பான் போனார். கோவையில் சமைத்ததை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டு, சமைத்தவன் எங்கே என்று கேட்பது நல்ல நியாயம்! அந்த அணி இல்லாமல் போனது நம் வெட்கக்கேடு. அதை வைத்து நட்சத்திர வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். 2025-இல் ஐ.எஸ்.எல்.லே ஒப்பந்தச் சிக்கலில் நிறுத்திவைக்கப்பட்டு, சென்னையினும் பெங்களூருவும் சம்பளத்துக்கே கை விரித்தபோது எந்த மார்க்கி வந்து காப்பாற்றினார்?

ஆகவே ஓசூர், கிருஷ்ணகிரி ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கிளப் யாரை வாங்குகிறது என்று ராத்திரி முழுக்கக் கண் விழிக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறாரா என்று விசாரியுங்கள். எடுத்துக்கொண்டால் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், ஒருவராகப் போகாமல் பத்துப் பெற்றோராகப் போங்கள். மாநகராட்சி உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது விளக்கு போட்ட ஒரு கால்பந்து மைதானம் கேளுங்கள். சிவசக்திகள் அங்கிருந்துதான் வருவார்கள். விமானத்தில் வர மாட்டார்கள்.